கிட்டார் கட்டையும் துப்பாக்கிக் கட்டையும்

போன மாசம் ஒரு டெலிகாஸ்டர் கிட்டாருக்கான உடலை சின்ன சிஎன்சி ரூட்டர் ஒன்றில் வெட்டினேன். ஓரத்தில் கொஞ்சம் பிசிறு இருந்தது. தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியிடம் எடுத்துக்கொண்டு போனேன். முப்பது வருஷமாக நிலைக்கதவு, பூஜையறைக் கதவு என்று கையால் செதுக்கியவர். இப்போது செதுக்கு வேலை வருவதில்லை. கடைக்காரர்கள் கதவை நேராக சிஎன்சியில் போட்டுவிடுகிறார்கள். அவருக்கு மிச்சமிருப்பது பொருத்துற வேலையும் பாலீஷும்தான்.

கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொம்பு மாதிரி நீளும் பக்கத்தில் விரலை ஓட்டினார்.

"மிஷினு நல்லாத்தான் வெட்டியிருக்கு தம்பி. நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு மட்டும் அதுக்குத் தெரியல."

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "இந்த மிஷின யாரு கண்டுபிடிச்சா? எங்க வேலைய எடுக்கணும்னே கண்டுபிடிச்சாங்களா, இல்ல வேற எதுக்காச்சுமா?"

"படிச்சுட்டு வந்து சொல்றேண்ணே" என்று கிளம்பிவிட்டேன். அந்தக் கேள்விக்கான குறிப்புகள்தான் இந்தப் பதிவு. படிக்க ஆரம்பித்தால் கதை கிட்டாரில் தொடங்கி துப்பாக்கிக்குப் போய், ஹெலிகாப்டருக்குப் போய், ஒரு நாவலையும் தொட்டுவிட்டு மறுபடி கிட்டாருக்கே வந்தது.

வெட்டுவதற்கென்றே வரைந்த வடிவம்

முதலில் அந்தக் கட்டையைப் பற்றி. டெலிகாஸ்டரை உருவாக்கிய லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1950ல் எஸ்கொயர், பிராட்காஸ்டர் என்ற பெயர்களில் அவருடைய கிட்டார்கள் வெளிவந்தன. கிரெட்ஷ் கம்பெனி தன் டிரம்களுக்கு ஏற்கெனவே அதே உச்சரிப்பில் பெயர் வைத்திருந்ததால், பிராட்காஸ்டர் 1951ல் டெலிகாஸ்டர் ஆனது.

அதுவரை நல்ல கிட்டார் என்றால் வயலின் மாதிரி. மேல்பலகையைக் குடைந்து வளைக்கணும், பக்கவாட்டை ஆவியில் வளைக்கணும், கழுத்தைப் பசை போட்டு இறுக்கணும். ஃபெண்டர் இதையெல்லாம் விட்டுவிட்டார். ஒன்றே முக்கால் அங்குலம், அதாவது சுமார் 44.5 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு தட்டையான ஆஷ் பலகை. அதில் சில பள்ளங்கள். கழுத்துக்கு ஒரு பொந்து, நாலு ஸ்க்ரூ. அவ்ளோதான். கழுத்து கெட்டுப்போனால் கழற்றி வேறு மாட்டலாம். ரேடியோ ரிப்பேர் செய்கிறவருடைய மூளை அதில் அப்படியே தெரியும்.

இதனால் இன்னொன்றும் நடந்தது. அந்த உடல் முழுக்க ஒரு வெளிக்கோடும் சில ஆழங்களும்தான். வெளிக்கோட்டை ஒரு அச்சாக வெட்டி வைத்துக்கொண்டால், பெரிய கைப்பழக்கம் இல்லாதவரும் நூறு உடல் எடுக்கலாம். ஃபுல்லர்டனில் அப்படித்தான் செய்தார்கள். பேண்ட் சாவில் தோராயமாக அறுப்பது, பிறகு டெம்ப்ளேட்டைப் பிடித்து ரூட்டரில் ஓரம் எடுப்பது. பின் ரூட்டர் என்று ஒரு மெஷின் உண்டு. மேலே வெட்டும் பிட், அதற்கு நேர் கீழே மேஜையில் ஒரு சின்ன ஊசி. கட்டைக்கு அடியில் இருக்கும் டெம்ப்ளேட் அந்த ஊசியை உரசிக்கொண்டே போகும். ஊசி எங்கே போகுதோ அங்கே பிட்டும் போகும்.

கழுத்து மட்டும் கொஞ்சம் வேறு. அதன் பின்பக்க வளைவை ஆளே உருட்டித் தேய்க்கணும். 1950களின் சில ஃபெண்டர் கழுத்துகளைக் கழற்றிப் பார்த்தால் அடியில் பென்சிலில் டி.ஜி. என்ற எழுத்துகளும் தேதியும் இருக்கும். ததேயோ கோமஸ் என்ற தொழிலாளியின் கையெழுத்து அது. இன்றைக்கு அந்த இரண்டு எழுத்துக்காகவே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உடலின் வெளிக்கோட்டில் அப்படி ஒரு ஆளின் கை தெரியாது. அங்கே கையெழுத்து டெம்ப்ளேட்டுடையது.

துப்பாக்கிக் கட்டை

அச்சைப் பார்த்து மெஷின் தானே வெட்டும் என்ற யோசனை ஃபெண்டருடையது இல்லை. அது சுமார் 130 வருஷம் முந்தியது. மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலைக்கு ஆயிரக்கணக்கில் துப்பாக்கிக் கட்டைகள் தேவைப்பட்டன. தோளில் வைத்துப் பிடிக்கும் அந்த மரப்பகுதி ஒரு கோணல்மாணலான வடிவம். உருளையும் இல்லை, தட்டையும் இல்லை. கடைசலில் பிடித்து வெட்ட முடியாது. ஒவ்வொன்றையும் ஆசாரிகள்தான் கையால் செதுக்கினார்கள்.

தாமஸ் பிளான்சர்ட் என்பவர் 1819ல் ஒரு கடைசல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் ஒரு மாதிரிக் கட்டையும் ஒரு வெற்றுக் கட்டையும் சேர்ந்து சுழலும். ஒரு சக்கரம் மாதிரியைத் தடவிக்கொண்டே போகும். அது மேடு ஏறினால் வெட்டும் சக்கரமும் விலகும், பள்ளத்தில் இறங்கினால் அதுவும் இறங்கும். கோணல் வடிவம் அச்சு அசலாக இன்னொரு மரத்தில் வந்துவிடும். பிற்பாடு இதே முறையில் செருப்பு அச்சும் கோடாலிக் காம்பும் செய்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்கணும். பிளான்சர்ட் மெஷினிலும் சரி, ஃபெண்டரின் ரூட்டரிலும் சரி, வடிவம் என்பது ஒரு பொருளாக இருந்தது. கையில் எடுக்கலாம், ஆணியில் மாட்டலாம், தேய்ந்தால் தெரியும். அந்த முதல் மாதிரியைச் செய்ய ஒரு கைகாரர் வேணும். அவர் இல்லாமல் ஆரம்பமே இல்லை.

இறக்கையிலிருந்து எண்ணுக்கு

வடிவம் எண்ணாக மாறியது ஹெலிகாப்டரால். ஜான் பார்சன்ஸ், மிச்சிகன் மாநிலத்தின் டிராவர்ஸ் சிட்டிக்காரர். இரண்டாம் உலகப்போரில் சிகோர்ஸ்கி ஹெலிகாப்டர்களுக்குச் சுழலும் இறக்கைகள் செய்து கொடுத்தவர். இறக்கையின் குறுக்குவெட்டு ஒரு நுணுக்கமான வளைவு. அந்த வளைவுக்கு டெம்ப்ளேட் செய்வதுதான் பெரிய தலைவலி. மேலிடத்திலிருந்து வரும் வரைபடத்தில் பதினேழு புள்ளிகளின் அளவு மட்டும் இருக்கும். மிச்சத்தை வளைகோல் வைத்து ஆளே கோடு போட்டு இழைக்கணும்.

பார்சன்ஸிடம் வேலை பார்த்த ஃபிராங்க் ஸ்டூலன், துளையிட்ட அட்டைகளில் ஓடும் ஐபிஎம் கணக்கு மெஷினைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். பதினேழுக்குப் பதில் இருநூறு புள்ளிகளைக் கணக்குப் போட்டுத் தரமுடியுமா, வெட்டும் பிட்டின் பாதி அகலத்தைக் கழித்துத் தரமுடியுமா என்று பார்சன்ஸ் கேட்டார். முடிந்தது. ஒருவர் அட்டவணையிலிருந்து எண்களை உரக்கப் படிப்பார். ஒருவர் மெஷினை இடவலமாக நகர்த்துவார், இன்னொருவர் முன்பின்னாக நகர்த்துவார். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெட்டு. கடைசியில் அரத்தால் ராவி வழுவழுப்பாக்கிவிடுவார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்கு என் கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருளும் இதையேதான் செய்கிறது: கோட்டைப் புள்ளிகளாக உடைக்கும், 6 மில்லிமீட்டர் பிட் என்றால் 3 மில்லிமீட்டர் தள்ளி வழி போடும். எண் படித்த ஆள், கைப்பிடி சுற்றிய இருவர், மூவருக்கும் பதில் மின்சாரம் வந்திருக்கு. அதுதான் வித்தியாசம்.

1949ல் பார்சன்ஸ் அமெரிக்க விமானப்படையிடம் ஒப்பந்தம் வாங்கினார். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கு எம்ஐடியின் உதவியைக் கேட்டார். கொஞ்ச நாளில் திட்டம் எம்ஐடியின் கைக்கே போய்விட்டது. 1952ல் அவர்கள் சின்சினாட்டி மில்லிங் மெஷின் ஒன்றைத் துளையிட்ட காகித நாடாவால் ஓட்டிக் காட்டினார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி முழுக்க வால்வுகளும் ரிலேக்களும். மெஷினை விட அதன் மூளை பெரிசு. பார்சன்ஸுக்கு 1985ல் அமெரிக்க அரசின் தேசிய தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது.

ஆக ஆசாரியின் கேள்விக்கு முதல் பதில்: எண் மெஷின் பிறந்ததே ஒரு டெம்ப்ளேட் செய்கிறவனின் தலைவலியிலிருந்து.

போகாமல் விட்ட பாதை

ஆனால் அது பாதிப் பதில்தான். அதே காலத்தில் இன்னொரு வழியும் இருந்தது.

ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் ஒரு முறையை முயன்று பார்த்தார்கள். ஒரு தேர்ந்த தொழிலாளி ஒரு பாகத்தைத் தன் கையால் மெஷினில் வெட்டுவார். அவர் கைப்பிடியைச் சுற்றுவது, நிறுத்துவது, மெதுவாக்குவது எல்லாம் காந்த நாடாவில் பதிவாகும். பிறகு நாடாவை ஓட்டினால் மெஷின் அவர் செய்ததையே திரும்பச் செய்யும். பாட்டைப் பதிவு பண்ணி மறுபடி போடுகிற மாதிரி.

அந்தக் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் அப்போது வேலை பார்த்தவர் எழுத்தாளர் கர்ட் வானகட். ஜெட் எஞ்சினுக்கான சுழலிகளை ஆள் இல்லாமல் வெட்டும் மெஷினை அங்கே பார்த்ததுதான் தன் முதல் நாவலுக்கு வித்து என்று பின்னால் சொன்னார். 1952ல் வந்த அந்த நாவலின் பெயர் 'பிளேயர் பியானோ'. தானே வாசிக்கும் பியானோ. துளையிட்ட காகிதச் சுருளால் ஓடும் அந்த வாத்தியத்தில் கட்டைகள் தானாக அமுங்கும், வாசிக்கிறவர் இருக்க மாட்டார். எம்ஐடி மெஷின் காட்டப்பட்ட அதே வருஷம் இந்த நாவலும் வந்திருக்கிறது.

டேவிட் நோபிள் என்ற வரலாற்றாசிரியர் 1984ல் 'ஃபோர்சஸ் ஆஃப் புரொடக்‌ஷன்' என்ற புத்தகத்தில் இந்த இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருடைய வாதம் சுருக்கமாக இது: பதிவு முறையில் நாடாவைச் செய்கிறவர் தொழிலாளியே. திறமை பட்டறையிலேயே இருக்கும். எண் முறையில் நாடாவை எழுதுகிறவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் பொறியாளர். பட்டறை ஆள் பட்டனை அழுத்தினால் போதும். முதலாளிகளும் ராணுவமும் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தொழில்நுட்பம் மட்டும் இல்லை, வேலை யார் கட்டுப்பாட்டில் இருக்கணும் என்பதும்தான்.

எனக்கு இந்த வாதம் முழுசாக ஒப்புதல் இல்லை. இருநூறு புள்ளி இறக்கை வளைவை எந்தத் தேர்ந்த கையாலும் ஒரே ஓட்டத்தில் வெட்டிப் பதிவு பண்ண முடியாது. அதற்குக் கணக்கு வேணும். ஆனால் எல்லா வேலையும் ஹெலிகாப்டர் இறக்கை இல்லையே. ஒரு கதவுச் சிற்பத்துக்கு, ஒரு கிட்டார் கழுத்துக்குப் பதிவு முறை அழகாகப் பொருந்தியிருக்கும். ததேயோ கோமஸின் கை அசைவு ஒரு நாடாவில் இருந்திருந்தால், நாடா ஓடும்போதெல்லாம் அவருக்குக் கூலி போயிருக்குமா? போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேட்கவாவது ஒரு உரிமை இருந்திருக்கும். எண்ணில் அதுவும் இல்லை. எண்ணில் யாருடைய கையும் தெரியாது.

மறுபடி துப்பாக்கி

எண் மெஷின் கிட்டாருக்கு வர இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. வந்த வழியும் துப்பாக்கிதான். மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் ஊரில் ஆம்ப்ளிஃபையர் செய்துகொண்டிருந்த ஹார்ட்லி பீவிக்கு துப்பாக்கிகள் மேல் ஆசை. துப்பாக்கிக் கட்டையில் மரமும் இரும்பும் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகின்றன, அதைவிட விலை கூடின கிட்டார்களில் கழுத்துப் பொந்து ஏன் இவ்வளவு தளர்வு என்று யோசித்தார். சிப் டாட் என்பவருடன் சேர்ந்து அவர் வடிவமைத்த டி-60 கிட்டார் 1978ல் வந்தது. எண்ணால் ஓடும் மெஷினில் பெரிய அளவில் செய்யப்பட்ட முதல் கிட்டார்களில் அது ஒன்று. பிளான்சர்டின் துப்பாக்கிக் கட்டை 160 வருஷம் சுற்றி வாத்தியத்துக்கு வந்து சேர்ந்திருக்கு.

1990ஐ ஒட்டி, அக்கூஸ்டிக் கிட்டார் செய்யும் டெய்லர் கம்பெனியும் சிஎன்சி வாங்கியது. கையால் செய்வதே பெருமை என்று இருந்த உலகத்தில் அது பெரிய பேச்சாக இருந்தது. பிறகு ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எல்லா உடலும் ஒரே மாதிரி வந்ததும், ஒரே மாதிரி இல்லாத பழைய உடல்களுக்கு மவுசு ஏறியது. 1950களின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வயிற்றோரச் சரிவை ஆள்தான் தேய்த்தெடுத்தார். ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பெயிண்ட் காய வைக்கும்போது உடல் மேஜையில் ஒட்டாமல் நிற்க சின்ன ஆணிகள் அடிப்பார்கள்; அந்த ஆணி ஓட்டைகளைப் பார்த்துத்தான் இன்று அசலா போலியா என்று சொல்கிறார்கள். 1990களின் நடுவில் ஃபெண்டர் கம்பெனியே புது கிட்டாரில் வேண்டுமென்றே கீறலும் உரசலும் போட்டு 'ரெலிக்' என்று விற்க ஆரம்பித்தது. முதலில் கையின் தடத்தை அழிக்கக் காசு, பிறகு அதைத் திரும்ப வரையக் காசு.

முப்பத்திரண்டு கிலோபைட்

அப்புறம் இந்த மெஷின் எப்படி என்னை மாதிரி ஆளுக்குக் கிடைத்தது? ராணுவக் காசில் பிறந்தது, அரசுக் காசிலேயே வெளியே வந்தது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 1990களில் சாதாரண கம்ப்யூட்டரில் மில்லிங் மெஷினை ஓட்ட ஒரு மென்பொருள் எழுதியது. அரசு எழுதியதால் அது பொதுச் சொத்து. ஆர்வலர்கள் எடுத்து வளர்த்தார்கள், இன்று அதன் பெயர் லினக்ஸ்சிஎன்சி. 2009ல் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் என்ற நார்வேக்காரர் கிரப்ள் என்ற நிரலை வெளியிட்டார். ஆர்டுய்னோ என்ற சின்ன சர்க்யூட் போர்டின் 32 கிலோபைட்டுக்குள் அடங்கும் நிரல். எம்ஐடியில் பெட்டி பெட்டியாக நின்ற மூளை உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. 2011ல் எட்வர்ட் ஃபோர்டின் ஷேப்போகோ மெஷின் பொதுமக்கள் நிதியில் வந்தது. வரைபடம் எல்லோருக்கும் திறந்தது.

இதே 2009ல் இன்னொன்றும் நடந்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர், பிரிசிஷன் பேஸ் ஆகியவற்றின் உடல் வடிவத்தைத் தன் வணிகச்சின்னமாகப் பதிவுசெய்ய ஃபெண்டர் ஏற்கெனவே கேட்டிருந்தது. மற்ற தயாரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். அமெரிக்காவின் வணிகச்சின்ன மேல்முறையீட்டு வாரியம் மறுத்துவிட்டது. பல பத்தாண்டுகளாக எல்லோரும் செய்துவரும் வடிவம், இனி அது ஒரு கம்பெனியை மட்டும் குறிக்காது என்பதே சாரம். கழுத்து நுனியின் வடிவம் மட்டும் இன்னும் அவர்களுடையது. ஆக ஒரே வருஷத்தில் மூளையும் இலவசம், உடலும் பொது.

என் கட்டை

என் மெஷினின் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். அதை எட்டாகப் பிரித்தால் 1600. பெல்ட் ஒரு சுற்றுக்கு 40 மில்லிமீட்டர் நகரும். அதாவது மில்லிமீட்டருக்கு 40 அடி, ஒரு அடி 0.025 மில்லிமீட்டர். கணக்கில் தலைமுடியை விட மெலிசு. நிஜத்தில் பெல்ட் நீளும், பிட் வளையும், மரம் அசையும்.

பிட்டின் நீளம் 45 மில்லிமீட்டருக்குப் போதாது. பாதியை ஒரு பக்கம் வெட்டி, கட்டையைத் திருப்பிப் போட்டு மிச்சத்தை வெட்டணும். முதல் தடவை கண்ணளவில் திருப்பிப் போட்டேன். சுற்றுவட்டம் முழுக்க ஒரு மில்லிமீட்டருக்கு மேல் படிக்கட்டு. இரண்டாம் தடவைதான் நடுக்கோட்டின் இரண்டு முனையிலும் மரமுளைக்கு ஓட்டை போட்டு, அதே முளைகளில் திருப்பிப் பொருத்தினேன். நடுக்கோட்டில் இருக்கும் ஓட்டை திருப்பினாலும் இடம் மாறாது. சின்ன விஷயம், ஆனால் ஒரு பலகை செலவு.

கொம்பில் பிசிறு வந்தது வேறு காரணம். பிட் வளைவில் திரும்பும்போது நாருக்கு எதிராகப் போய் மரத்தைப் பிய்த்துவிட்டது. ஆசாரி சொன்னது அதைத்தான். பின் ரூட்டரில் நின்றவருக்கு அது கையில் தெரிந்திருக்கும். மரம் உதறும், அவர் பதமாகப் பிடிப்பார். என் மெஷினுக்கு எண் மட்டும்தான் தெரியும்.

போன வாரம் அவர் பட்டறைக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். துப்பாக்கி, ஹெலிகாப்டர், பியானோ எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப எங்க வேலைய எடுக்கணும்னு ஆரம்பிக்கல. ஆனா எடுக்கும்னு தெரிஞ்சே விட்டுட்டாங்க."

"ஆமாண்ணே. கிட்டத்தட்ட அப்படித்தான்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு என் கட்டையை வாங்கி, கொம்பில் பிய்ந்த இடத்தில் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தார். காய்ந்ததும் உப்புத்தாளால் நார் வாட்டத்திலேயே தேய்த்தார். பத்து நிமிஷ வேலை. காசு வாங்க மாட்டேன் என்றார், நான் விடவில்லை.

கிளம்பும்போது கேட்டார்: "அந்த மிஷின்ல கோடு போடுறது கம்ப்யூட்டர்லதானே? எங்கிட்ட பழைய கதவு டிசைன் நோட்டு நாப்பது வருஷத்துக்கு இருக்கு. அத ஏத்த முடியுமா?"

முடியும். வர்ற ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வருகிறார். கோடு அவருடையது, எண் ஆக்குவது என் வேலை. எந்தப் பக்கத்திலிருந்து வெட்டணும் என்பதை அவர் சொல்லணும். ஃபைலில் யார் பெயர் போடுவது என்பதை அன்றைக்கே பேசி முடிவு பண்ணிவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.